யுத்தபூமிக்குச் செல்லும் தருமமும் அதனை விசாரிக்கும் முறையும்

பசித்தவனுக்கு அன்னமிடுதல் தருமங்களுட் சிறந்தது என்பதில் ஐயுறுவார் ஒருவருமிலர். இடுவோனும் உண்போனும் ஒரே முற்றத்தில் இருப்பாராயின் அத்தருமத்துக்குச் சாட்சியும் வேண்டா, கணக்கும் வேண்டா. இட்ட சோறு வயிற்றிற் சேர்ந்தமை கண்ணாற் காணப்படும். கொடுப்போன் ஒரு தேசத்திலும், பெறுவோன் கடல்கடந்த வேறொரு தேசத்திலும் இருக்க, இருவர்க்கும் இடையே ஆயுதந் தாங்கியோர் நிற்பாராயின் அப்பொழுது செய்வது யாது? அனுப்பிய பொருள் பசித்தவனைச் சேர்ந்ததோ துவக்கேந்தியவனைச் சேர்ந்ததோ என்று ஆராயுங் கடமை யாருடையது? ஆராய்ந்துகொண்டிருக்குங் காலத்திற் பசித்தவன் இறந்துபடுவானாயின் அப்பழி யாரைச் சாரும்? இவ்வினாக்களை ஆசிரிய நண்பர்களோடு கூடிச் சிந்தித்தற்பொருட்டே இதனை எழுதத் துணிந்தாம்.

இவை அரசாங்கத்தாரும் வங்கியாரும் மாத்திரம் ஆராயத்தக்க விஷயங்கள் என்று எண்ணுதல் தகாது. வெள்ளத்துக்கும் புயலுக்கும் யுத்தத்துக்கும் நிவாரண நிதி சேர்க்கப்படும் பொழுதெல்லாம் பிள்ளைகள் முன்னிலையிற் கைநீட்டி நிற்போர் ஆசிரியர்களாகிய நாமே. "ஐயா, இந்தக் காசு அவர்களுக்குப் போய்ச் சேருமோ?" என்று நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று வினவுமாயின், அதற்கு உண்மையான விடை கூறும் பொறுப்பு நம்முடையதன்றோ?

தருமப் பொருளை விசாரிக்கும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்திலே தருமச் சொத்துக்கள் தவறாகப் பயன்படுத்தப்படுதலைத் தடுத்தற்கு 1601 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1853 இல் அதற்கெனத் தரும ஸ்தாபன ஆணைக்குழு ஒன்று தாபிக்கப்பட்டு இன்றும் நடைபெறுகின்றது. அக்காலத்தில் விசாரணை பெரும்பாலும் உள்ளூர்த் தருமகர்த்தர்களைப் பற்றியதாயிருந்தது. 2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின் அதன் போக்கு மாறிற்று. 1989 இல் ஏழு பெருந்தேசங்கள் கூடிப் பாரிஸ் நகரில் அமைத்த நிதி நடவடிக்கைச் செயலணி என்னுஞ் சபை, 2001 ஒக்டோபரில் வெளியிட்ட விசேட விதிகளுள் எட்டாவது விதியிலே, இலாபங் கருதாத சங்கங்கள் பயங்கரவாதிகளாற் பயன்படுத்தப்படும் அபாயம் மிகுதியும் உடையன என்று கூறிற்று. அதன்பின் தேசந்தோறும் சட்டங்கள் இறுகின. வங்கிகள் தரும ஸ்தாபனங்களின் கணக்குகளைச் சந்தேகத்தோடு நோக்கத் தொடங்கின.

இச்சந்தேகம் முழுதும் வீணானதென்று கூறுதல் நேர்மையாகாது. சிரியா தேசத்திலே 2011 இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபின் பிரித்தானியாவிலிருந்து மருந்தும் உடுப்பும் மாவும் ஏற்றிய வாகன அணிகள் பல அங்கே சென்றன. சென்றோருட் பெரும்பாலார் இரக்கம் ஒன்றாலேயே சென்றனர். ஆயினும், அத்தகைய அணியொன்றோடு புறப்பட்ட ஒருவர் 2014 பெப்ரவரியில் அலெப்போ நகரச் சிறைச்சாலை வாயிலிலே தற்கொலைத் தாக்குதல் நடத்தினார். வேறோர் அணியில் இரக்கமே காரணமாகச் சென்ற வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரோ, 2013 டிசெம்பரிற் சிறைபிடிக்கப்பட்டு மறு ஆண்டிற் கொல்லப்பட்டார். வாகன அணிகளிற் சேர்ந்து செல்லுதலை விடுத்து, அவ்விடத்தில் ஏற்கெனவே வேலைசெய்யும் பதிவுபெற்ற ஸ்தாபனங்களுக்குப் பொருளைக் கொடுங்கள் என்று அந்நாட்டு ஆணைக்குழு சனங்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வறிவுரை பெறுவோனை மாத்திரமன்றிக் கொடுப்போனையுங் காத்தற்கு உரியதாம்.

எம்மவரோடு தொடர்புடைய செய்தியையும் மறைத்தலாகாது. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தை அதே ஆணைக்குழு விசாரித்து, பெற்ற பொருள் செலவான முறையைத் தருமகர்த்தர்கள் திருப்தியாகக் காட்டவில்லை என்று கண்டு, 2005 இல் பதிவிலிருந்து நீக்கிற்று. 2007 நவம்பரில் ஐக்கிய அமெரிக்கத் திறைசேரி, விடுதலைப் புலிகளின் முகப்பு ஸ்தாபனம் எனக் கூறி அதன் சொத்துக்களை முடக்கிற்று. அக்குற்றச்சாட்டை அக்கழகத்தார் மறுத்தனர். இவ்வழக்கிலே தீர்ப்புச் சொல்லுதல் எம் நோக்கமன்று. தம் கூலியில் மிச்சம்பிடித்து அனாதைப் பிள்ளைக்கென்று கொடுத்த ஏழை ஒருவர்க்கு, அது பிள்ளையைச் சேர்ந்ததோ என்று அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமையை எக்காரணம் பற்றியும் மறுத்தல் ஆகாது என்பதே எம் கருத்து.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவாம். சோமாலியா தேசத்தின் தென்பாகம் 2008 ஆம் ஆண்டளவில் அல்-ஷபாப் என்னும் ஆயுதக் குழுவின் வசமாயிற்று. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா அக்குழுவைப் பயங்கரவாதிகள் பட்டியலிற் சேர்த்தது. அவர்கள் ஆளும் ஊருக்கு உணவு கொண்டுசெல்வோர் வழிவரியாக ஒரு காசு கொடுப்பினும் அது குற்றமாகக் கொள்ளப்படலாம் என்னும் நிலை உண்டாயிற்று. அமெரிக்க அரசாங்கத்தின் உதவி அப்பகுதிக்கு மிகவுங் குறைந்தது. 2010 ஜனவரியில் உலக உணவுத் திட்டம், ஆயுதக் குழுவினரின் பயமுறுத்தலும் தகாத நிபந்தனைகளும் பொறுக்கலாற்றாது, தென்பாகத்தின் பெரும்பகுதியில் வேலையை நிறுத்திற்று. உணவுதவியிற் பெரும்பங்கு வழியிலே களவுபோகின்றது என்று ஐக்கிய நாடுகளின் கண்காணிப்புக் குழுவொன்று அவ்வாண்டு மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. உலக உணவுத் திட்டத்தார் அவ்வளவினை மறுத்தனர். அதே மாதத்திற் பாதுகாப்புச் சபை தன் தடைகளினின்றும் உணவுதவிக்கு விலக்கு அளித்தது. ஆயினும் அமெரிக்காவின் சொந்தத் தடைகள் அவ்வாறே நின்றன. மழையோ பொய்த்தது. 2011 ஜூலை 20 ஆம் நாள் இரண்டு பிரதேசங்களிற் பஞ்சம் உண்டென ஐக்கிய நாடுகள் சபை வெளிப்படையாக அறிவித்தது. அமெரிக்கா தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது ஆகஸ்ட் மாதத்தில்.

அப்பஞ்சத்தில் 2010 ஒக்டோபர் முதல் 2012 ஏப்ரில் வரை இறந்தோர் ஏறக்குறைய 258,000 பேர் என்று பின்னர் 2013 இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அவருள் ஏறக்குறைய 133,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இவ்வளவு மரணத்துக்கும் விசாரணை ஒன்றே காரணம் என்பேமாயின் அது பொய்யாகும். மழையின்மை, யுத்தம், தானியங்களின் விலையேற்றம், உதவி ஸ்தாபனங்களைத் தாமே துரத்திய அல்-ஷபாபினரின் கொடுமை என்பன யாவும் காரணங்களே. ஆயினும், தானியம் தீயவர் கையிற் சேர்ந்துவிடுமே என்னும் அச்சத்தாற் களஞ்சியத்தின் கதவை இறுகச் சாத்தியமையும் அக்காரணங்களுள் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

இங்கே எம் சிந்தையை வருத்துவது ஒன்று. களவுபோன தானியத்துக்கு அறிக்கை எழுதப்பட்டது, குழு அமைக்கப்பட்டது, பொறுப்பாளர் விசாரிக்கப்பட்டனர். அனுப்பப்படாத தானியத்தால் இறந்த குழந்தைக்காக எந்தக் காரியாலயத்தில் எவர் விசாரிக்கப்பட்டார்? தவறாகக் கொடுத்த அதிகாரி உத்தியோகத்தை இழப்பார். தவறாகக் கொடாது விட்ட அதிகாரிக்கு யாதொரு தீங்கும் வருவதில்லை. அவர் எச்சரிக்கையுள்ளவர் என்று பாராட்டும் பெறலாம். இந்த ஏற்பாட்டினுள் அமர்ந்த எந்த நல்ல மனிதனும் நாளடைவிற் கொடாமைப் பக்கமே சாய்வான். குற்றம் அவன் மனத்திலன்று, கணக்கின் அமைப்பிலேயே உள்ளது. வரவுப் பக்கம் மாத்திரம் எழுதிச் செலவுப் பக்கத்தை வெறுமையாய் விட்ட ஏட்டைக் கணக்கென்று ஒப்புக்கொள்வார் எவருமிலர். தவறிச்சென்ற காசையும் சேராதுபோன சோற்றையும் ஒருங்கே எழுதும் ஏடே தருமத்தின் கணக்காம். இதுவே யாம் இங்கு வற்புறுத்த விரும்பும் பொருள்.

"கொலைஞன் கையில் ஒரு காசு சேரினும் அது பாவமே, அப்பாவத்துக்கு உடந்தையாவதினுங் கொடாதிருத்தல் நன்று" என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் ஒழுக்கத்தின் தோற்றம் உண்டு. ஆதலின் இதனை எளிதிற் புறக்கணித்தலாகாது. துலாவால் இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே பயிருக்குச் செல்லும்போது ஒரு பங்கு மண்ணிலே சுவறும். ஒரு பங்கு கரையிலுள்ள களைக்குப் பாயும். தோட்டக்காரன் உடைப்பை அடைப்பான், வரம்பைத் திருத்துவான், களையைப் பிடுங்குவான். களை குடிக்கின்றதென்று இறைப்பை நிறுத்துவானாயின் முதலில் வாடுவது பயிரே; களையோ பின்னும் பிழைத்துக்கிடக்கும். யுத்தபூமியிலும் அவ்வாறே. ஆயுதமுள்ளவன் எவ்வாறாயினும் உண்பான். உணவு குறையுந்தோறும் அவன் பிறர் பங்கைப் பறித்துண்பான். நிறுத்திய உதவியால் முதலில் மெலிவது தாயும் சேயுமே.

அங்ஙனமாயின் எக்காலத்தும் எவ்வளவு களவுபோயினும் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டுமோ எனின், அதுவும் அன்று. 1994 இல் ருவாண்டா தேசத்துப் படுகொலையின் பின், கொலைசெய்த கூட்டத்தார் பலர் அகதிகளோடு கலந்து சயீர் தேசத்து முகாம்களிற் புகுந்தனர். அங்கே அவர்கள் தலைமை வகித்து, ஆட்டொகையைக் கூட்டிக் காட்டி, பங்கீட்டைத் தம் கையில் வைத்து, மறுபடியும் யுத்தத்துக்கு ஆயத்தமாயினர். எல்லைகளற்ற வைத்தியர்கள் சங்கத்தின் பிரான்சிய கிளையார் இதனைக் கண்டு, அவ்வாண்டின் முடிவில் முகாம்களை விட்டு வெளியேறினர். வேறு பலர் நோயாளரைக் கைவிட மனமின்றி அங்கேயே தங்கினர். இரு திறத்தாருள் எவர் செய்தது சரி என்று இன்றும் வாதிப்பார் உளர். யாம் கவனிக்க வேண்டுவது வேறு. விலகினவர் அவ்விடத்தில் நின்று, நோயாளரின் முகத்தைக் கண்டு, விலகுதலால் வருங் கேட்டையும் எண்ணிய பின்னரே விலகினர். விலகிய காரணத்தையும் உலகறியச் சொன்னார். கொடாமை சிலபோது கடமையாகலாம். அப்பொழுதும் அது பதில் சொல்லவேண்டிய ஒரு செயலாகுமேயன்றி, பதில் சொல்லாது தப்புதற்குரிய புகலிடமாகாது.

விசாரணையும் அன்னதானமும் ஒன்றோடொன்று பகையானவை என்று கருதுவோர்க்கு ஒரு பழைய சரித்திரத்தை நினைவூட்டுவாம். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் பெல்ஜியம் தேசத்தைக் கைப்பற்றினர். உணவின் பெரும்பகுதியைப் பிறதேசங்களிலிருந்து வருவித்துண்ட அந்நாடு, பிரித்தானியரின் கடல் முற்றுகையால் உணவிழந்தது. உணவு அனுப்பின் அது ஜெர்மானியப் படைக்கே உதவும் என்று பிரித்தானியக் கடற்படை மந்திரியாயிருந்த சேர்ச்சிலும் யுத்த மந்திரியாயிருந்த கிச்சினரும் எதிர்த்தனர். இன்று கூறப்படும் வாதமே அன்றுங் கூறப்பட்டது. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியான ஹேர்பேட் ஹூவர், அப்பொழுது இலண்டனில் இருந்த சுரங்கப் பொறியியலாளர். அவர் அவ்வாண்டு ஒக்டோபரில் பெல்ஜிய நிவாரணச் சங்கத்தைத் தொடங்கி, அவ்வச்சத்தை இகழாது, ஒவ்வோர் அச்சத்துக்கும் ஒவ்வோர் ஏற்பாட்டால் விடையளித்தார். இறக்குமதியாகும் உணவைக் கைப்பற்றுவதில்லை என்று ஜெர்மானியரிடம் வாக்குறுதி பெற்றார். நடுநிலைத் தேசத்து இளைஞர்களைப் பங்கீட்டின் மேற்பார்வைக்கு நியமித்தார். கணக்குகளை வெளியார் பரிசோதிக்கச் செய்தார். மாவு வந்த பருத்திச் சாக்குகள் வெடிமருந்து செய்ய உதவுமாதலின், வெறுஞ் சாக்குகளும் எண்ணிக் கணக்கிடப்பட்டன. பெல்ஜியப் பெண்கள் அச்சாக்குகள் பலவற்றிற் பூவேலை செய்து நன்றியோடு திருப்பியனுப்பினர்.

பெல்ஜியத்தில் ஏறக்குறைய எழுபது இலட்சம் மக்களும், வட பிரான்சில் ஏறக்குறைய இருபது இலட்சம் மக்களும் அவ்வுணவால் யுத்த காலத்தைக் கடந்தனர். ஐம்பது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பொருள் சென்றது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவு. வெறுஞ் சாக்கையும் எண்ணிய அவ்விசாரணையினுங் கடுமையானது யாது? அது கப்பலை நிறுத்தவில்லை. கப்பல் செல்லுதற்கு வழிசெய்தது. விசாரணையின் நன்மை தீமை அதன் கடுமையிலில்லை. பசித்தவனிடம் உணவு சேர்தலே தன் முடிவென்று அது கொண்டதோ, தன் கையிற் கறைபடாதிருத்தலே முடிவென்று கொண்டதோ என்பதைக் கொண்டே அதனை மதித்தல் வேண்டும்.

உலகத்தாரும் இதனைச் சிறிது சிறிதாக உணர்ந்து வருகின்றனர் என்பது மகிழத்தக்கது. நிதி நடவடிக்கைச் செயலணி 2016 இல் தன் விதியைத் திருத்தி, இலாபங் கருதாத சங்கங்கள் யாவும் அபாயமுடையன என்ற பழைய கருத்தைக் கைவிட்டது. 2023 நவம்பரில், அபாயம் உள்ளவிடத்தில் அதன் அளவுக்கேற்பவே கட்டுப்பாடு வேண்டும் என்று மேலுந் தெளிவித்தது. 2022 டிசெம்பர் 9 ஆம் நாள் பாதுகாப்புச் சபை தன் 2664 ஆம் தீர்மானத்தால், ஐக்கிய நாடுகள் விதித்த சொத்துமுடக்கங்கள் மனிதாபிமான உதவிக்குத் தடையாகா என்று விதித்தது. பதினால்வர் ஆதரித்தனர், இந்தியா வாக்களியாது விலகி நின்றது. ஆயினும் தேசங்கள் தாந்தாம் விதித்த தடைகளை அத்தீர்மானம் தானாக நீக்காது. வங்கிகளின் அச்சமும் தீர்மானத்தாற் போவதன்று. சோமாலியருக்கு உறவினரும் உதவி ஸ்தாபனங்களும் பணம் அனுப்பிய தஹப்ஷீல் என்னும் நிறுவனத்தின் கணக்கை, 2013 இல் பார்க்கிளேஸ் வங்கி மூட முற்பட்டு, நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. அபாயத்தை அளந்து பார்ப்பதிலும் கணக்கை மூடிவிடுதல் வங்கிக்கு எளிது. அவ்வெளிமையின் விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

அன்றியும், பொருளோடு நில்லாது சொல்லையுந் தடைசெய்யும் அளவிற்கு இவ்வச்சம் வளர்தல் உண்டு. 2010 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், பட்டியலிலுள்ள இயக்கத்தாருக்குச் சச்சரவுகளைச் சர்வதேசச் சட்டவழியிற் சமாதானமாகத் தீர்க்கும் முறையைக் கற்பித்தலும் தடைசெய்யப்பட்ட உதவியே என்று அறுவர்க்கு மூவராகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு குர்திஷ் இயக்கமொன்றையும் விடுதலைப் புலிகளையும் பற்றியது. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நாம் இத்தீர்ப்பை ஒருமுறை நின்று சிந்தித்தல் தகும்.

இவ்விஷயத்திற் கொடுப்போர் வரிசையில் மாத்திரம் நின்று பேசும் நிலையினர் அல்லர் எம்மவர். 1990 ஆம் ஆண்டு தொடங்கி வடபகுதிக்கு எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் பசளையும் தடுக்கப்பட்ட காலத்தை ஆசிரியர் பலர் அறிவர். இவை ஆயுதந் தாங்கியோர்க்கு உதவும் என்பதே கூறப்பட்ட காரணம். அக்காரணம் முழுதும் பொய்யன்று. மின்கலம் கண்ணிவெடிக்கும் உதவும், வானொலிக்கும் உதவும். அதனாலேயே அது கடினமான வினாவாயிற்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறையளவினர் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிற் படித்துப் பரீட்சை எழுதினர். அவர்கள் கண் கெட்டதோ, கல்வி கெட்டதோ என்று தடையின் கணக்கேட்டில் எவரும் எழுதினாரல்லர். வாங்கும் பக்கத்தில் நின்று இதனை அறிந்த நாம், இன்று கொடுக்கும் பக்கத்தில் நிற்கும்பொழுது அந்த வெறும் பக்கத்தை நினையாதிருத்தல் முறையாகுமோ?

ஆதலின், ஆசிரிய நண்பர்களுக்கு யாம் விண்ணப்பிப்பன சில. பிள்ளைகளிடம் நிவாரணக் காசு சேர்க்குங்கால் அதனை இருவர் முன்னிலையில் எண்ணுக. தொகையைக் கரும்பலகையில் எழுதுக. அனுப்பியதற்குரிய பற்றுச்சீட்டைப் பிள்ளைகள் காணும் இடத்தில் ஒட்டுக. எந்தச் சங்கத்துக்கு அனுப்புகின்றோமோ அச்சங்கத்தாரை, "எவ்வளவு சேர்ந்தது?" என்று கேட்பதோடு, "எவ்வளவு சேராதிருக்கின்றது? ஏன்? தடுத்தவர் யார்?" என்றும் எழுதிக் கேளுக. விடை கூற நாணாத சங்கத்துக்கே மறுமுறையும் கொடுக்க. களவு நிகழ்ந்ததென்று உண்மையை ஒளியாது சொல்லும் சங்கத்தை, அச்சொல்லினாலேயே தண்டியாதிருக்க. தண்டிப்போமாயின் பின்பு எவரும் உண்மை சொல்லார்.

மாணவன் கேட்ட வினாவுக்கும் இதுவே விடை. "தம்பி, எல்லாம் போய்ச் சேரும் என்று நாம் சத்தியஞ் செய்ய முடியாது. சேர்ந்ததையும் கேட்டு அறிவோம், சேராததையும் கேட்டு அறிவோம். நீ கொடுத்த காசுக்கு மாத்திரமன்று, அங்கே பசியோடிருக்கும் பிள்ளைக்கும் நாம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்" என்று கூறுக. அவ்வளவில் அப்பிள்ளை தன் காசை உண்டியலில் இடுமா, மடியில் முடிந்துகொள்ளுமா என்பதை அதன் மனச்சாட்சிக்கே விட்டுவிடுதல் நன்று. பெரும்பாலும் இடும் என்பது எம் அனுபவம்.